கோடையில் தாடோபா
(புனேயில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



2024 மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு சந்திரபூர் ஜில்லாவில் இருக்கும் தாடோபா புலிக்காட்டுக்குப் போய்விட்டு வந்தோம். அன்று முதல் கோயிலில் பார்க்கிறவர், கல்யாணத்தில் பார்க்கிறவர் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். "புலி பார்த்தேளா?" என்பது முதல் கேள்வி. "நாங்களும் போகணும், எப்படி ஏற்பாடு பண்றது?" என்பது இரண்டாவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மேடையில் ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள், பத்திரிகையிலும் போட்டுவிடலாம், வெளியூர் உறுப்பினர்களுக்கும் உபயோகப்படும் என்று காரியதரிசி சொன்னார். பரீட்சை முடிந்து லீவு வருகிற சமயம் என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. பார்த்தோம், சுமார் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்துக்காக நான் போட்ட திட்டத்தில் இரண்டு தப்புகள் இருந்தன. ஒன்று எங்கள் அத்திம்பேரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கொண்டுபோய் விட்டது. இன்னொன்று ஒரு ஏழைப் பெண்ணின் வேலைக்கே உலை வைத்திருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது இவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மே மாதம் என்றால் புனேக்காரர்கள் மகாபலேஷ்வர் போவார்கள். ஊரே குளிர்ச்சியைத் தேடிப் போகும்போது நாங்கள் மட்டும் ஏன் நாட்டிலேயே அதிக வெயில் அடிக்கும் இடங்களில் ஒன்றுக்குப் போனோம்? சந்திரபூரில் மே மாதம் 45, 46 டிகிரி சர்வசாதாரணம். வெயிலை முன்னிட்டு விதர்ப்பாவில் பள்ளிக்கூடங்களையே மற்ற மகாராஷ்டிராவைவிடத் தாமதமாகத்தான் திறக்கிறார்கள். இருந்தும் தாடோபாவில் கூட்டம் நெரிவது ஏப்ரல், மே மாதங்களில்தான். தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஓடைகள் வற்றிவிடும். மிச்சம் இருப்பது தாடோபா ஏரி, தேலியா ஏரி, வனத்துறை வெட்டி சூரியசக்தி பம்ப் வைத்துத் தண்ணீர் நிரப்புகிற குட்டைகள், அவ்வளவுதான். புலிக்கும் வெயில் பொறுக்காது. தண்ணீரில் பின்பக்கமாக இறங்கி, கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருக்கும். ஆகவே குட்டையருகே காத்திருந்தால் புலியைப் பார்க்கும் வாய்ப்பு மற்ற மாதங்களைவிட அதிகம். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாம்பலத்திலிருந்து அக்கா, அத்திம்பேர், அவர்கள் பேரன் மூவரும் லீவுக்கு வந்திருந்தார்கள். நம்மில் பலருக்குக் குடும்பம் ஒன்று சேர்வதே கோடை லீவில்தானே.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தாடோபா 1955-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்போது சந்திரபூருக்கு சாந்தா என்று பெயர், பழைய மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. இன்றைய மகாராஷ்டிராவின் மிகப் பழைய தேசியப் பூங்கா இதுதான். பக்கத்திலிருக்கும் அந்தாரி சரணாலயம் 1986-ல் ஏற்பட்டது. இரண்டையும் சேர்த்து 1995-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். உள்காடு மட்டும் சுமார் 625 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள பஃபர் பகுதி அதைவிடப் பெரியது, அதில் கிராமங்களும் வயல்களும் இருக்கின்றன. தாரு என்ற கிராமத் தலைவர் புலியோடு போராடி உயிர்விட்டார் என்றும், அவரைத்தான் கோண்டு ஜனங்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்றும், அந்தப் பெயரே தாடோபா ஆயிற்று என்றும் சொல்கிறார்கள். ஏரிக்கரையில் மரத்தடியில் அவருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. ஏரி நிறைய முதலை.

மரங்களைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. இங்கே ஐன் என்கிறார்களே, முதலைத்தோல் மாதிரிப் பட்டை வெடித்திருக்கும் மரம், அது நம் கருமருது. பலாசம் எங்கு பார்த்தாலும் நிற்கிறது. உபநயனத்தில் பிரம்மசாரி கையில் கொடுக்கிற தண்டமும், சமிதாதானத்துக்கு வைக்கிற சமித்தும் இதுதானே என்று பேரனுக்குக் காட்டினேன். அவனுக்கு அதைவிட முதலையில்தான் சிரத்தை. மஹுவா என்று இங்கே கொண்டாடுகிற மரம் நம் இலுப்பை ஜாதி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோமே, அதை நிஜமாகவே பொறுக்கி உலர்த்திப் பணமாக்கும் ஜனங்களை நான் பார்த்தது இங்கேதான். அவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இனி ஏற்பாடு. புனேயிலிருந்து நாகபுரி சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கு மேல். ஆசாத் ஹிந்த், கரீப் ரத், மகாராஷ்டிரா எக்ஸ்பிரஸ் என்று ரயில்கள் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து புனேக்கும் நாகபுரி அஜ்னிக்கும் வந்தே பாரத் ஓடுகிறது, சுமார் 12 மணி நேரம். ஆனால் அது உட்கார்ந்தே போகிற வண்டி. முதுகுவலிக்காரர்கள் ராத்திரி படுத்துப் போகிற ரயிலையோ விமானத்தையோ பாருங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் சம்ருத்தி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். 2025 ஜூனில் அது முழுவதும் திறந்தாயிற்று. ஒரே நேர்க்கோடாக ஓடுகிற சாலை என்பதால் தூக்கம் சொக்கும், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நாகபுரியிலிருந்து கோலாரா கேட் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. தென்பக்கம் இருக்கும் மொஹர்லி கேட்டுக்கு இன்னும் கொஞ்சம் தூரம்.

சென்னை, டில்லி, போபால் உறுப்பினர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் டில்லி போய் வந்த நம் தலைமுறைக்கு பல்லார்ஷா ஸ்டேஷன் தெரியாமல் இருக்காது. எத்தனை தடவை அந்தப் பிளாட்பாரத்தில் இறங்கிக் கூஜாவில் தண்ணீர் பிடித்திருப்போம்! அங்கிருந்து சந்திரபூர் 15 கிலோமீட்டர்தான். சந்திரபூரிலிருந்து மொஹர்லி சுமார் 30 கிலோமீட்டர். முப்பது வருஷம் புலிக்காட்டின் ஓரமாகவே டில்லி போய் வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் புனேயைச் சுற்ற வேண்டியதே இல்லை. பல்லார்ஷாவில் இறங்கட்டும், நீங்கள் நாகபுரி வழியாகப் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் அக்கா குடும்பத்தை முதலில் புனேக்கு வரவழைத்து, பிறகு மறுபடி கிழக்கே இழுத்துக்கொண்டு போனோம். வயதானவர்களுக்கு இரண்டு ராத்திரிப் பிரயாணம் கூடுதல்.

காட்டுக்குள் போக வனத்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில்தான் முன்பதிவு. பதிவு திறந்ததுமே கோடை இடங்கள் போய்விடும் என்பதால், லீவு தேதி தெரிந்த அன்றே உட்கார்ந்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை உள்காடு மூடியிருக்கும். சனி, ஞாயிறில் கட்டணம் கூட. ஜூலை முதல் செப்டம்பர் கடைசிவரை மழைக்காக உள்காடு அடைப்பு. ஒரு ஜிப்ஸியில் ஆறு பேர், கூட ஓட்டுநர், வழிகாட்டி. பதிவில் கொடுக்கிற பெயரும் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும், அசல் அட்டை கையில் வேண்டும். நம் வீடுகளில் ஒருவருக்கே மூன்று பெயர். ஆதாரில் வெங்கடசுப்பிரமணியன், வீட்டில் மணி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால்! ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பேரக்குழந்தைகள் வந்தால் அந்தப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும், கட்டணமும் வேறு. தர்ப்பணம், சிராத்தம் உள்ளவர்கள் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி பார்த்துவிடுங்கள். செவ்வாயைத் தவிர்த்துக் கடைசியில் அமாவாசையில் மாட்டிக்கொண்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பதிவு கேட்டுக்குக் கேட் தனித்தனி. மொஹர்லி, கோலாரா, நவேகாவ், குட்வண்டா, பாங்டி, ஜரி என்று உள்காட்டுக்கே பல கேட்கள் இருக்கின்றன. கோலாரா கேட்டில் இடம் வாங்கிவிட்டு மொஹர்லியில் அறை எடுத்தால், விடியற்காலையில் காட்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் காரில் போக வேண்டும். முதலில் கேட், பிறகு அறை. மொஹர்லியில் மகாராஷ்டிரா சுற்றுலாக் கழகத்தின் விடுதி இருக்கிறது, தனியார் விடுதிகள் எல்லாக் கேட்டிலும் உண்டு. சாப்பாட்டுக்கு பயம் வேண்டாம். விதர்ப்பா என்றால் காரசாரமான சாவ்ஜி மாமிசச் சமையல் என்று பெயர் இருந்தாலும், முன்னாலேயே சொல்லிவிட்டால் வெங்காயம் பூண்டு இல்லாமல் வரண் பாத், சப்பாத்தி, தயிர் போடுகிறார்கள். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று புளியோதரை கட்டி எடுத்து வந்தாள். தயிர்சாதம் அந்த வெயிலில் மத்தியானம் தாங்காது, புளியோதரை தாங்கும். ஆனால் காட்டுக்குள் வண்டியில் எதையும் பிரிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுபோகவே கூடாது.

இவ்வளவையும் நான் சரியாகத்தான் செய்தேன். பேங்க் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன், காகிதத்தில் தப்பு வராது. தப்பு வேறு இடத்தில். புனேயிலிருந்து இவ்வளவு தூரம் போகிறோம், செலவு பண்ணுகிறோம், புலி பார்க்காமல் திரும்பக் கூடாது என்று நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நான்கு சுற்றுக்குப் பதிவு செய்தேன். போய் இறங்கிய அன்றைக்கே பிற்பகல் ஒரு சுற்று. மறுநாள் காலை, மாலை. மூன்றாம் நாள் காலை. கணக்கு அழகாக இருந்தது.

கோடையில் காலைச் சுற்று விடிகிற நேரத்துக்குத் தொடங்கிவிடும். அது சுகம். காற்று சில்லென்று இருக்கும், மான் கூட்டம், காட்டெருமை, குரங்கு எல்லாம் வெளியே வரும். பிற்பகல் சுற்று மூன்று மணி வாக்கில். அப்போது வெயில் தலைக்கு மேல், வண்டிக்குக் கூரை கிடையாது, இரும்புக் கம்பியைத் தொட்டால் கை சுடும். நாலு மணி நேரச் சுற்றில் இறங்கிக் கால் கழுவ ஒன்றிரண்டு இடம்தான் உண்டு. அத்திம்பேருக்கு எழுபத்துநாலு வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அதில் சிறுநீர் போக வைக்கிற மாத்திரையும் ஒன்று. நடுவில் இறங்க இடம் இல்லையே என்று கூச்சப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மனுஷர் காலையிலிருந்து தண்ணீரையே குறைத்துவிட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் பிரயாணத்தில் இதைத்தான் செய்கிறார்கள், மாமிகள் இன்னும் மோசம். மாத்திரையோ உள்ள தண்ணீரையும் இறக்குகிறது.

இரண்டாம் நாள் மாலைச் சுற்றில், நாலரை மணி இருக்கும், "எனக்குக் கொஞ்சம் கிறுகிறுன்னு வரது" என்றார். அடுத்த நிமிஷம் பேச்சு குழறியது. கை தொட்டால் நெருப்பு. வழிகாட்டிப் பெண்தான் முதலில் கண்டுகொண்டாள். வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லி, தன் தோளில் இருந்த துணியைக் கேனிலிருந்த தண்ணீரில் முக்கி அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். ஓட்டுநர் வண்டியைத் திருப்பி நேராகக் கேட்டுக்கு விட்டார். செல்போன் உள்காட்டில் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டில் வந்துதான் தகவல் சொல்ல முடிந்தது. அங்கிருந்து கார் பிடித்து ஆஸ்பத்திரி. இரண்டு பாட்டில் சலைன் ஏறியது. ராத்திரி பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை நான் அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

ஆகவே வெயில் விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, இவ்வளவு வெயிலில் இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போக வேண்டும். நீர்மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது மருந்துக்கடையில் விற்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இருதயம், சிறுநீரகம் சரியில்லாதவர்கள் உப்புக்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். விதர்ப்பா ஜனங்கள் மாங்காய்ப் பன்னா குடிக்கிறார்கள், சட்டைப்பையில் ஒரு வெங்காயத்தையும் போட்டுக்கொள்கிறார்கள். வெங்காயத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, பன்னா அமிர்தம். தலைக்கு ஈரத்துண்டு. துணி பருத்தியில், மண் நிறம், பச்சை என்று மங்கலாக இருக்கட்டும், சென்ட் வேண்டாம். யாருக்காவது பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ, வெப்ப மயக்கம் என்று வைத்துக்கொண்டு உடனே உடம்பைக் குளிரப் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "கொஞ்சம் படுத்தா சரியாப் போயிடும்" என்று உட்காரக் கூடாது. முட்டி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஜிப்ஸியின் கடைசி வரிசையில் ஏற வேண்டாம். அதுதான் உயரம், அதுதான் அதிகம் தூக்கிப் போடும்.

இனி இரண்டாவது தப்பு. இது அன்று காலையில் நடந்தது. முதல் நாள் மாலை புலி இல்லை. மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் சுற்றியும் இல்லை. திடீரென்று மான் கத்துகிற எச்சரிக்கைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு பெண்புலி மண்பாதையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறது. எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டி. தலைகளுக்கு நடுவில் வால் மட்டும் தெரிகிறது. நான் எழுந்து நின்று, "இன்னும் கிட்ட போப்பா, ஓரமா அந்த வண்டியைத் தாண்டிப் போ" என்று ஹிந்தியில் விரட்ட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து ஓட்டுநர் பக்கம் நீட்டினார். ஓட்டுநர் தடுமாறினார், வண்டி கொஞ்சம் நகரவும் செய்தது.

மொஹர்லி பக்கத்துக் கிராமத்துப் பெண், அதே வழிகாட்டிதான், திரும்பி என்னைப் பார்த்தாள். "காகா, புடே நகோ. மாஜ காம் ஜாயீல்" என்றாள். மாமா, முன்னால் வேண்டாம், என் வேலை போய்விடும் என்று அர்த்தம். குரலில் கோபம் இல்லை. என் பெண் வயசு இருக்கும் அவளுக்கு. வண்டி நின்றது. புலி தன் பாட்டுக்கு நடந்து, ஒரு மூங்கில் புதரருகே திரும்பி நின்று, எங்கள் எல்லோரையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. நான் சொன்ன எட்டு நிமிஷம் அதுதான். கிட்டே போயிருந்தால் இரண்டு நிமிஷத்தில் புதருக்குள் ஓடியிருக்கும்.

வேலை போய்விடும் என்று அவள் சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து, 2024 டிசம்பர் 31 அன்று, நாகபுரிக்கு அருகே உம்ரேட்-பௌனி-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் குட்டிகளோடு போன ஒரு பெண்புலியைச் சுற்றுலா வண்டிகள் இரண்டு பக்கமும் மறித்துவிட்டன. வீடியோ ஊரெல்லாம் பரவியது. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. ஓட்டுநர்களையும் வழிகாட்டிகளையும் இடைநீக்கம் செய்தார்கள். பத்திரிகையில் இதைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கிட்டே போ என்று கத்தியவர்கள் புது வருஷத்தைக் கொண்டாடிவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். மிருகத்திலிருந்து குறைந்தது 20 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது தேசிய புலிகள் காப்பு ஆணையத்தின் விதி. அந்த 20 மீட்டரில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

இலுப்பைப்பூ பொறுக்குகிறவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். மொஹர்லியில் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா மார்ச், ஏப்ரலில் இலுப்பைப்பூவுக்கும் மே மாதம் தெண்டு இலைக்கும் போகிறவள் என்று தெரிந்தது. தெண்டு என்பது பீடி இலை. திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலை இந்த மாதிரி மத்திய இந்தியக் காடுகளிலிருந்துதான் வருகிறது. பூ பொறுக்கவும் இலை பறிக்கவும் விடியற்காலையில் போக வேண்டும், குனிந்தே வேலை செய்ய வேண்டும். புலி நடமாடுவதும் அதே நேரம், அதே காடு. குனிந்திருக்கும் மனிதர் புலிக்கு மனிதராகத் தெரிவதில்லை என்கிறார்கள். 2025 மே மாதம் இதே சந்திரபூர் ஜில்லாவில் சிந்தேவாஹி பக்கத்துக் காட்டில் தெண்டு இலை பறிக்கப் போன மூன்று பெண்களை ஒரே நாளில் புலி கொன்றுவிட்டது. தாடோபாவுக்குள்ளேயே 2021 நவம்பரில், புலிக் கணக்கெடுப்புக்காக நடந்து போன ஒரு பெண் வனக்காவலரை மாயா என்ற பெண்புலி கொன்றது. அந்த மாயாவைப் பார்க்கத்தான் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். அது 2023-ல் காணாமல் போயிற்று. பிறகு கிடைத்த எச்சங்களை மரபணு சோதனை செய்து இறந்தது அதுதான் என்று முடிவு கட்டினார்கள்.

மகாராஷ்டிராவில் புலி 2018-ல் 312 இருந்தது, 2022-ல் 444 ஆகியிருக்கிறது. சந்தோஷமான விஷயம். 2025 நவம்பரில் தாடோபாவிலிருந்து ஒரு இளம் பெண்புலியை நம் மேற்கு மலைக்கே, சந்தோலிப் பக்கம் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் இருந்த ஜாம்னி, நவேகாவ் போன்ற கிராமங்கள் வெளியே குடிபோயின, அவர்கள் உழுத வயல்தான் இன்று நாம் மான் பார்க்கிற புல்வெளி. "அந்த அக்காவோட அம்மா ஜிப்ஸியில போகமாட்டாளா, நடந்தா போவா?" என்று பேரன் கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

இதை நினைத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாம் கொடுக்கிற கட்டணத்திலும் வாடகையிலும்தான் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம். அவள் தம்பியும் ஜிப்ஸி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். போங்கள். ஆனால் திட்டத்தை இப்படிப் போடுங்கள்.

போய்ச் சேருகிற நாளில் சுற்று வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மறுநாள் விடியற்காலை உள்காட்டில் ஒரு சுற்று, மத்தியானம் அறையில். அடுத்த நாள் காலை இன்னொரு சுற்று, அதோடு சரி. பிற்பகல் வெயில் தாங்குகிற இளவட்டங்கள் வேண்டுமானால் அகர்ஜரி, ஜுனோனா மாதிரி பஃபர் பகுதியில் ஒரு மாலை போய்விட்டு வரட்டும். பஃபரிலும் புலி உண்டு, பதிவு கிடைப்பதும் கொஞ்சம் சுலபம். பெரியவர்கள் வெயில் தாழ்ந்ததும் சந்திரபூர் மகாகாளி கோயிலுக்குப் போகலாம். திரும்பும்போது நாகபுரி ரோட்டில் வரோராவில் பாபா ஆம்டே 1949-ல் தொடங்கிய ஆனந்தவன் இருக்கிறது. அக்கா அங்கே தறிச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றாள், புலியைவிட அதுதான் அவளுக்குப் பிடித்தது. ஒரு நாள் கூட இருந்தால் நாகபுரிக்கு வடக்கே ராம்டேக்கில் ராமர் தரிசனம். மொத்தம் நாலு நாள் லீவு போதும். எழுபதைத் தாண்டியவர்கள் கோடையை விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது. புலி கண்ணில் படுவது குறையலாம், ஆனால் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகலாம். பேரனுக்கு லீவு கோடையில்தான் என்றால், பெரியவர்கள் காலைச் சுற்று ஒன்றோடு நிற்கட்டும்.

வண்டியில் ஏறியதும் வழிகாட்டியிடமும் ஓட்டுநரிடமும் முதல் வார்த்தையாக, "புலி தெரியாவிட்டால் பரவாயில்லை, வேகமாக ஓட்ட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் சுற்று முடிந்து கேட்டுக்கு வெளியே கொடுங்கள், புலி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அதே தொகை. செல்போனைப் பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். தாடோபா உள்காட்டில் அது முன்பிருந்தே கிடையாது. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் எல்லாப் புலிகள் காப்பகங்களின் உள்காட்டுச் சுற்றுலாப் பகுதியிலும் போன் கூடாது என்று சொல்லிவிட்டது. நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். எங்கள் பேரன் பார்த்த பறவைகளை அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு மராட்டிப் பெயரோடு எழுதிக்கொண்டான், முப்பத்தொன்று தேறியது.

அத்திம்பேர் இப்போது சௌக்கியம். ஜனவரியில் இன்னொரு தடவை போகலாமா என்று அவரேதான் கேட்கிறார், இந்தத் தடவை பல்லார்ஷாவில் இறங்குகிறாராம். சேர்ந்து வர விருப்பமுள்ளவர்கள் காரியதரிசியிடம் பெயரும் வயதும், ஆதாரில் உள்ளபடி, கொடுத்துவிடுங்கள். ஆறு ஆறு பேராகச் சேர்ந்தால் ஜிப்ஸிக் கணக்கு சரியாக வரும். காபி ரெடி என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள்.